பொம்மைக் கடையும் அதன் மறைவும்

மக்கட் பருவத்து இன்பங்களுள் விளையாட்டினும் சிறந்தது ஒன்று உளதோ எனின், உளது. அது விளையாட்டுப் பொருளைத் தெரிந்தெடுக்கும் இன்பம் என்க. கையில் வந்த பொம்மை இரண்டு நாளில் உடையும், சக்கரம் கழலும், சாயம் போகும். அதனைத் தெரிந்தெடுத்த அந்த அரை நாழிகையோ, ஆண்டுகள் பல கழிந்த பின்னும் நெஞ்சை விட்டு அகலாது. இதனாலன்றோ, ஒரு செருப்புக் கடையோ மளிகைக் கடையோ மூடப்படும்பொழுது வாளாவிருக்கும் மக்கள், ஒரு பொம்மைக் கடை மூடப்படின் உற்றார் ஒருவரை இழந்தாற்போல வருந்துகின்றனர்! அவ்வருத்தம் வெறும் பேதைமையோ, அன்றி அதற்குத் தக்க காரணம் உண்டோ? பொம்மைக் கடை மறைவது குழந்தைகளின் மனம் மாறியதனாலோ, வேறு ஏதுவினாலோ? உலகத்துப் பொம்மைக் கடைகளுள் தலைமை பெற்று விளங்கி, 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வீழ்ந்த டாய்ஸ் ஆர் அஸ் என்னும் கடைத்தொகுதியின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்தல் எம் கருத்து. ஆயினும் எம் ஊர்க் கடையிலிருந்தே தொடங்குவோம். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதலே முறையன்றோ?

நம் முன்னோர் விளையாட்டுப் பொருளை இழிவாகக் கருதினாரல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தில், ஆண்பாற் பிள்ளைக்குரிய பத்துப் பருவங்களுள் இறுதியில் நிற்பவை சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. வீடும் பறையும் தேரும் பெரியோர்க்குரிய பொருள்கள். அவற்றின் முன் ‘சிறு’ என்னும் அடை சேர்ந்த அளவில் அவை குழந்தையின் உலகிற்கு உரியனவாகிவிடுகின்றன. சங்க நூலாகிய பட்டினப்பாலையும், காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரையின்றி உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பேசுகின்றது. அவ்விடத்தை வகுப்பிற் படிக்குந்தோறும் எம் நினைவு திருவிழாக் கடையில் நிற்கும் மூன்று சக்கர நடைவண்டியின்மேற் செல்லும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வளர்ந்த எமக்குப் பொம்மைக் கடை என்பது கதவும் கூரையும் உடைய கட்டடம் அன்று. அது திருவிழாவோடு வந்து திருவிழாவோடு செல்வது. பங்குனியில் நாமக்கல் நரசிம்மர் கோயில் தேர். வைகாசியில் திருச்செங்கோட்டு விசாகத் தேர். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பெருவிழா. அம்மாதத்திலேயே மேட்டூரில் ஆடிப்பெருக்கும் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவும் நிகழும். இவ்விழாக்களுக்குச் செல்லும் வழியின் இருமருங்கும் தார்ப்பாய் விரித்து, பொம்மைகளைக் குவித்து வைத்திருப்பர். மரச்சொப்பு, பனையோலைக் காற்றாடி, கிலுகிலுப்பை, பம்பரம், தலையாட்டிப் பொம்மை, பீப்பி, மெழுகுவத்திச் சுடரால் தண்ணீரில் ஓடும் தகரப் படகு, நெகிழியாற் செய்த காரும் லாரியும் எல்லாம் ஒருங்கே கிடக்கும். யாம் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளாயினும் தேர்க்கடைக்குச் செல்ல எமக்குத் தடை இருந்ததில்லை. கடைக்காரரும் ‘எவ்வீட்டுப் பிள்ளை?’ என்று எம்மைக் கேட்டதில்லை.

ஒரு திருவிழாவிற் கண்ட கடைக்காரரையே அடுத்த ஊர்த் திருவிழாவிலும் காண்பதுண்டு. கிளைகள் பல உடைய கடைத்தொகுதி என்பதை மேனாட்டார் கண்ட புதுமை என்பர். அங்கே கிளைகள் நிலைத்து நிற்க, வாங்குவோர் தேடிச் செல்கின்றனர். இங்கே ஒரே கடை ஊர்தோறும் தானே நடந்து வருகின்றது. வேறுபாடு அவ்வளவே.

நாமக்கல், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை அன்பர்கள் அறிவர். ஆதலின் எம் பக்கத்துப் பிள்ளைகள் சிறுதேரை விழைவதில்லை, சிறுலாரியையே விழைவர். எமக்கு ஏழு வயது இருக்கும்பொழுது, எம் அம்மாயி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஐம்பது ரூபாயை அவிழ்த்துத் தந்து, “உனக்குப் புடிச்சத நீயே எடுத்துக்க, கண்ணு” என்றார். சிவப்பு லாரி ஒன்று. பச்சை லாரி ஒன்று. சிவப்பைக் கையில் எடுத்தால் பச்சை அழைக்கும்; பச்சையை எடுத்தால் சிவப்பு கெஞ்சும். கூட்டம் நெருக்கியது. தேர் நிலைக்கு வரும் வேளையும் ஆயிற்று. அம்மாயியும் அவசரப்படுத்தவில்லை, கடைக்காரரும் முகஞ்சுளிக்கவில்லை. இறுதியிற் பச்சையைக் கொண்டோம். அந்த லாரி எப்பொழுதோ உடைந்தது. அம்மாயியும் இன்று இல்லை. ஆயினும் ஒருவர் நம் விருப்பத்திற்காகக் காத்து நின்றார் என்னும் அந்நினைவு மட்டும் உடையாது நிற்கின்றது. எம் வாழ்வில் யாமே செய்த முதல் முடிவு அஃதேயாம்.

எம் பாட்டனார், தந்தையார் தலைமுறையினர்க்கு மற்றுமோர் இடம் இருந்தது. சேலத்திற் புகைவண்டியேறிச் சென்னை மத்திய நிலையத்தில் இறங்குவார்க்கு, நிலையத்தை அடுத்தே செங்கற் கட்டடமாய்க் காட்சி தந்தது மூர் மார்க்கெட். சென்னை நகராட்சியின் தலைவராயிருந்த ஜார்ஜ் மூர் என்பார் 1898-இல் அடிக்கல் நாட்ட, 1900-இல் அது திறக்கப்பெற்றது. பழைய நூல்களும் பொம்மைகளும் அரும்பொருள்களும் அங்கே ஒரு கூரையின்கீழ் விற்கப்பெற்றன. சென்னைக்கு எக்காரியமாகச் சென்றாலும், திரும்பும் வண்டிக்குமுன் அங்கே நுழைந்து பிள்ளைகட்கு ஒரு பொம்மை வாங்கி வருதல் எம் பக்கத்தார் பலர்க்கு வழக்கமாயிருந்தது. 1985-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் அக்கட்டடம் தீக்கிரையாயிற்று. கடைக்காரர்க்கு அருகே அல்லிக்குளம் வணிக வளாகத்தில் இடம் தரப்பெற்றது. பழைய இடத்தில் இன்று நிற்பது புறநகர்ப் புகைவண்டிகளுக்குரிய நிலையம். அதற்கு மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். கடை போயிற்று; பெயர் நின்றது. இவ்வியல்பைப் பின்னும் ஓரிடத்துக் காண்போம்.

இனி மேனாட்டுக் கதைக்கு வருவோம். சார்லஸ் லாசரஸ் என்பார் 1923-இல் வாஷிங்டன் நகரிற் பிறந்தவர். அவர்தம் தந்தையார் பழைய மிதிவண்டிகளைச் செப்பனிட்டு விற்று வாழ்ந்தவர். ‘நாம் ஏன் புதிய மிதிவண்டிகளை விற்கலாகாது?’ என்று சிறுவராயிருந்த லாசரஸ் கேட்க, ‘பெருங்கடைத்தொகுதியினர் நம்மினும் குறைந்த விலைக்கு விற்கின்றனரே’ என்று தந்தையார் விடையிறுத்தாராம். இவ்விடையை வாசகர் நினைவிற் கொள்க. கதையின் முடிவில் இது மீண்டும் வரும்.

இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட லாசரஸ், 1948-இல் குழந்தைகளுக்குரிய கட்டிலும் தொட்டிலும் விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். போர் முடிந்து வீடு திரும்பியோர் இல்லறம் புகுந்து மக்களைப் பெற்ற காலம் அது. ஆதலின் வாணிகம் தழைத்தது. அவர் ஓர் உண்மையை விரைவிற் கண்டார். தொட்டில் வாங்கியவர் மீண்டும் தொட்டிலுக்கு வருவதில்லை. முதற் பிள்ளையின் தொட்டிலே அடுத்த பிள்ளைக்கும் ஆகின்றது. பொம்மையோ உடைகின்றது, உடைந்தால் மற்றொன்றுக்கு வருகின்றனர். இதனை உணர்ந்து 1957-இல் மேரிலாந்து மாநிலத்து ராக்வில் என்னும் ஊரில் பொம்மைகளுக்கென்றே ஒரு கடை திறந்தார். ‘பொம்மை என்றால் நாங்களே’ என்னும் கருத்துப்படப் பெயரிட்டு, பெயரின் நடுவேயுள்ள ஆர் என்னும் ஆங்கில எழுத்தை, எழுதப் பழகும் பிள்ளை கைதவறி எழுதினாற்போல, இடம் வலமாகத் திருப்பி அமைத்தார். ஒட்டகச்சிவிங்கி ஒன்று கடையின் சின்னமாயிற்று. ஜெஃப்ரி என்று பெயரும் பெற்றது.

அக்கடையின் புதுமை யாதெனின், அங்கே பொம்மைக்கும் குழந்தைக்கும் நடுவே விற்பனையாளர் நிற்கவில்லை. பண்டகசாலை போன்ற பரந்த கட்டடத்தில் கூரையளவும் பொம்மைகளை அடுக்கி, வாங்குவோர் தாமே உலாவி எடுத்துக்கொள்ளும்படி வைத்தனர். கிறிஸ்மஸ் காலத்திலேயே பெரும்பாலும் விற்ற பொருளை ஆண்டு முழுதும் விற்றனர். நம் தேர்க்கடையில் நூறு பொம்மை இருப்பின் அங்கே பல்லாயிரம் இருந்தன. ஆயினும் குழந்தையின் நிலை இரண்டிடத்தும் ஒன்றே. விரும்பியதைத் தொடலாம்; எடுக்கலாம்; வைத்துவிட்டு வேறொன்றை நாடலாம்.

1966-இல் லாசரஸ் தம் கடைகளை இண்டர்ஸ்டேட் என்னும் வேறொரு நிறுவனத்திற்கு விற்றார். அந்நிறுவனம் 1974-இல் கடனால் நொடித்தது. ஆனால் அதன் பொம்மைக் கடைகள் மட்டும் ஆதாயம் தந்தன. ஆதலின் ஏனையவற்றைக் களைந்து, 1978-இல் அந்நிறுவனமே டாய்ஸ் ஆர் அஸ் என்னும் பெயரோடு லாசரஸ் தலைமையில் மீண்டெழுந்தது. அடுத்த இருபது ஆண்டும் அதன் பொற்காலம். 1991-இல் ஜப்பானிலும் கடை திறந்தது. 1992 ஜனவரியில் அந்நாட்டிற்குச் சென்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் அதன் கடையொன்றிற்கு நேரிற் சென்றார். 2001-இல் நியூயார்க் நகரத்து டைம்ஸ் சதுக்கத்தில் திறந்த கடையினுள்ளே 60 அடி உயர இராட்டினம் ஒன்று சுழன்றது. தேர்த்திருவிழா இராட்டினத்தையும் பொம்மைக் கடையையும் ஒரு கூரைக்கீழ்க் கொணர்ந்தாற்போன்ற காட்சி அது.

இத்துணைச் சிறப்புற்ற கடை வீழ்ந்தது யாங்ஙனம்? ‘இணையம் வந்தது; குழந்தைகள் கைப்பேசியில் ஆடத் தொடங்கினர்; கடை மாண்டது’ என்று பலரும் கூறுவர். இஃது உண்மையின் ஒரு கூறேயாம். 1998-இலேயே வால்மார்ட் என்னும் பெருங்கடை, பொம்மை விற்பனையில் அமெரிக்காவில் முதலிடத்தைப் பற்றிக்கொண்டது. மளிகையும் துணியும் விற்கும் அப்பெருங்கடை, பொம்மையை மிகக் குறைந்த விலைக்கு விற்றும் வேறு பொருளில் ஆதாயம் காணவல்லது. பொம்மையையே நம்பியிருந்த கடைக்கு அஃது இயலாது. 2000-இல் தன் இணைய விற்பனையை அமேசானிடம் ஒப்புவித்து, டாய்ஸ் ஆர் அஸ் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்று செய்தது. பிறர் பொம்மைகளையும் அமேசான் விற்றதனால் 2004-இல் வழக்குத் தொடர்ந்தது. 2006-இல் ஒப்பந்தம் நீதிமன்றத்தால் முறிந்தது. தானே இணையத்திற் கடை விரித்துப் பழகவேண்டிய காலம் இங்ஙனம் வீணாயிற்று.

ஆயினும் உயிர்நிலையில் அடித்தது பிறிதொன்று, அது கடன். 2005-இல் கே.கே.ஆர்., பெயின், வோர்னாடோ என்னும் மூன்று முதலீட்டு நிறுவனங்கள் இக்கடைத்தொகுதியை 660 கோடி டாலருக்கு வாங்கின. வாங்கிய முறைதான் வியப்பிற்குரியது. அதனை விளக்க எம் ஊரிலேயே ஓர் உவமை உளது. ஒருவர் லாரி வாங்குகின்றார். கைப்பணம் சிறிது இடுகின்றார். மிச்சத்தைப் பைனான்சில் கடனாகப் பெறுகின்றார். லாரி ஓடி ஈட்டும் வாடகையிலிருந்து மாதந்தோறும் தவணை கட்டுகின்றார். தவணை தவறினால் வண்டி போவதோடு அவரும் கடனாளியாய் நிற்பார். இனி, அக்கடனை லாரியின் பெயராலேயே எழுதிவைத்து, ‘லாரி கட்டட்டும், கட்ட முடியாதாயின் என் கைப்பணத்தின் அளவே எனக்கு இழப்பு, மேற்கொண்டு என்னைக் கேட்கலாகாது’ என்று உரியவர் விலகி நிற்கக்கூடுமாயின் எங்ஙனம் இருக்கும்? அங்கே நிகழ்ந்தது அதுவே. விலையின் பெரும்பகுதியாகிய 500 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன் வாங்கியோர் தலையில் ஏறாமல், வாங்கப்பட்ட கடையின் தலையிலேயே ஏறிற்று.

அது முதல் ஆண்டுதோறும் வட்டிக்கு மட்டும் ஏறத்தாழ 40 கோடி டாலர் சென்றது. தவணை கட்டவே ஓடும் லாரிக்கு டயர் மாற்றக் காசிராது என்பதை எம் ஊர் ஓட்டுநரைக் கேட்பினும் சொல்வர். கடைகள் பழையனவாயின, விளக்குகள் மங்கின, வேலையாட்கள் குறைந்தனர், இணையக் கடையைச் செப்பஞ்செய்யப் பொருளில்லை. இவ்வளவிற்கும் அதன் ஆண்டு விற்பனை இறுதிக் காலத்திலும் 1,100 கோடி டாலருக்கு மேற்பட்டிருந்தது என்பதை உற்று நோக்குக. குழந்தைகள் வராமல் அக்கடை மாளவில்லை. வந்த குழந்தைகளின் காசு வட்டிக்குப் போதாமையால் மாண்டது.

2017 செப்டம்பரில் டாய்ஸ் ஆர் அஸ் நீதிமன்றத்தில் நொடிப்பு மனுக் கொடுத்தது. 2018 மார்ச் 15-ஆம் நாள், அமெரிக்காவிலிருந்த 700-க்கு மேற்பட்ட கடைகளும் மூடப்படும் என்று அறிவித்தது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 22-ஆம் நாள், லாசரஸ் தம் 94-ஆம் வயதில் இறந்தார். பெருங்கடைகளுக்கு அஞ்சிய மிதிவண்டிக்காரரின் மகன் தாமே பெருங்கடைக்காரரானார். அவர் கடையையும் அதனினும் பெருங்கடைகள் நெருக்கின. ஆனால் வீழ்த்தியது கடன். தந்தையார் அன்று சொன்ன விடையில் இல்லாத பாடம் இதுவேயாம். ஜூன் 29-ஆம் நாள் இறுதிக் கடைகளும் அடைக்கப்பெற்றன. வெறுமையான கடையின் நடுவே ஒட்டகச்சிவிங்கி பெட்டியோடு புறப்பட்டு நிற்கும் படம் ஒன்று உலகமெங்கும் பரவியது. பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களும் அதனைக் கண்டு கலங்கினர்.

கலங்க வேண்டியது ஒட்டகச்சிவிங்கிக்காக மட்டும் அன்று. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். பல்லாண்டு உழைத்தோர்க்கும் பிரிவுத்தொகை கிட்டவில்லை. அவர்கள் ஒன்றுகூடி முறையிட்டதன் பயனாக, 2018 இறுதியில் உரிமையாளராயிருந்த நிறுவனங்களுள் இரண்டு சேர்ந்து 2 கோடி டாலர் உதவிநிதி அளிக்க இசைந்தன. பொம்மை செய்யும் மாட்டெல், ஹாஸ்பிரோ முதலிய நிறுவனங்களின் விற்பனையும் அவ்வாண்டு குறைந்தது. கடை மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை. ஆசியாவிலும் கனடாவிலும் கடைகள் தொடர்ந்தன. நம் நாட்டில் 2017-இலேயே பெங்களூருவில் அப்பெயர்க் கடை திறக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவிலும் 2022 முதல் மேசிஸ் என்னும் வேறொரு கடைத்தொகுதியின் உள்ளே சிறு பகுதிகளாக அப்பெயர் மீண்டது. மூர் மார்க்கெட் புகைவண்டி நிலையத்தின் பெயராய் நிற்பதை இங்கே ஒப்பிட்டுக் காண்க. பெயரை விலைக்கு வாங்கலாம். அவ்விடத்தை வாங்கல் ஆகாது.

நிற்க. சென்ற ஆண்டு எம் பக்கத்துத் தேர்த்திருவிழா ஒன்றில், முன்னர்ப் பச்சை லாரி விற்ற அப்பெரியவரையே கண்டோம். தலை முற்றும் நரைத்திருந்தது. “ஏனுங்க பெரியவரே, வியாபாரம் எப்படி?” என்று வினவினோம்.

“புள்ளைங்க வராமலா கண்ணு போகுதுங்க? கைப்பேசி பார்க்கிற புள்ளையுங்கூட, இங்க வந்தா அதை மறந்துபோட்டு உக்காந்துக்குது. எடத்து வாடகைதான் கட்டுபடியாகலீங்க. மூணு நாள் வியாபாரத்துல ரெண்டு நாள் காசு தரைக்கே போயிருது. பையன் லாரி ஓட்டறான். இந்தக் கடை என்னோட சரிங்க” என்றார்.

கடல் கடந்த பெருங்கடைத்தொகுதியின் வரலாற்றை நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதுவோர் கண்ட முடிவை, தார்ப்பாயின்மேல் அமர்ந்திருந்த அவர் ஒரு மூச்சிற் கூறிவிட்டார். அங்கே வட்டி, இங்கே தரைவாடகை. போட்டியும் கைப்பேசியும் பொம்மைக் கடையை நலிவிக்கலாம். அதனைக் கொல்வது பெரும்பாலும் குழந்தையின் மனமாற்றம் அன்று, பெரியோர் போடும் கணக்கு. அக்கணக்கில் விலையுண்டு, வாடகையுண்டு, வட்டியுண்டு. ஒரு குழந்தை தன் விருப்பத்தைத் தானே அறிந்துகொள்ளும் அரை நாழிகைக்கு அதில் இடமில்லை. கைப்பேசியில் விரலால் தொட்டு வரவழைக்கும் பொம்மையும் பொம்மையே. ஆயினும் பெரும்பாலும் அதனைத் தெரிந்தெடுப்பவர் தாயோ தந்தையோ ஆவர். இதனாலேயே பொம்மைக் கடையின் மறைவுக்கு இரங்குதல் பேதைமை அன்று என யாம் துணிகின்றோம். தாம் முதன்முதலாக மதிக்கப்பெற்ற இடத்தை இழந்தோர் இரங்கும் இரக்கம் அது.

இரங்குதல் மட்டும் போதுமோ? நம் கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் காலத்தில் அண்டையூர்ப் பிள்ளைகட்குப் பொம்மை வழங்குதல் வழக்கம். வண்ணத்தாளிற் பொதிந்து, பெயர் அழைத்து, கையிற் கொடுத்துப் படமெடுத்துக்கொள்கின்றோம். யாம் வேண்டுவது சிறியது. இனி அப்பொம்மைகளைத் திருவிழாக் கடைக்காரரிடமே பேரம் பேசாது வாங்குவோம். வாங்கியவற்றைப் பொதியாமல் நீண்ட மேசையில் விரித்து வைப்போம். பிள்ளைகள் தாமே வந்து, எடுத்து, வைத்து, மீண்டும் எடுத்துத் தெரிந்துகொள்ளட்டும். நேரம் ஆகும், வரிசை குலையும், சிவப்பா பச்சையா என்று ஒரு குழந்தை நெடுநேரம் நிற்கும். அப்பொழுது நாம் செய்யத்தக்கது ஒன்றே: காத்து நிற்றல்.